இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயர்

கார்ன்விக், ஒஹையோ
ஆகஸ்ட் 4, 1850

ஆரினுக்கு,

நீ அனுப்பிய மூட்டை வந்தது. டர்னிப் விதைப் பொட்டலம் ஒன்பது, உன் பேச்சின் அச்சுப் பிரதி நாற்பது. வாஷிங்டன் சபை உறுப்பினர்களுக்குத் தபால் இலவசம் என்பதற்காக இப்படியா அனுப்புவாய்? டர்னிப் இந்த மண்ணில் விதைக்காமலே வருகிறது. பேச்சை ஊர்க்காரர்கள் ஆளுக்கொன்று எடுத்துப்போனார்கள். யார் வாசித்தார்கள், யார் அடுப்புப் பற்றவைத்தார்கள் என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

இங்கே பால் நன்றாக வருகிறது. தினமும் நாலு பாலாடைக்கட்டி அழுத்துகிறோம். நானும் மஹாலாவும் விடியும் முன் தொட்டியடியில் நின்றால் மதியம்தான் இடுப்பை நிமிர்த்துகிறோம். அவள் விஷயமாகத்தான் எழுதுகிறேன்.

அவள் அடிமையாக இருந்த கெண்டக்கியிலிருந்து ஆற்றைத் தாண்டி ஓடிவந்து பன்னிரண்டு வருடமாகிறது. இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. இப்போது நீங்கள் அங்கே உட்கார்ந்து, ஓடிவந்தவர்களை எந்த மாநிலத்தில் இருந்தாலும் பிடித்துத் திருப்பிக் கொடுக்க ஒரு சட்டம் தயாரிக்கிறீர்கள் என்று பத்திரிகையில் வந்ததும் அவள் வீட்டில் தினமும் சண்டை. ஈனோஸ் தன் பீப்பாய்க்கடைச் சாமானை எல்லாம் கட்டிவைத்துவிட்டான். அவன் பிறப்பிலேயே சுதந்திர மனிதன், அவனுக்கு ஒன்றுமில்லை. பெண்டாட்டிக்காகத்தான் பயப்படுகிறான்.

"ஏரியைத் தாண்டினா கனடா. அங்க எவனும் வாரண்டத் தூக்கிட்டு வரமாட்டான். இங்க உக்காந்து எவன் என்ன சட்டம் போடுறான்னு எதுக்குப் பாத்துட்டிருக்கணும்?" என்றான் நேற்று, என் எதிரிலேயே.

"போலாம். முதல்ல திர்சாக்கா தம்பி என்ன சொல்றாருன்னு பாப்போம்" என்றாள் மஹாலா, கையைத் தயிரிலிருந்து எடுக்காமலே.

"அவரு ஒருத்தரு சொல்லித்தான் சட்டம் நின்னுடப் போவுதாக்கும்!"

"நிக்காதுன்னு எனக்குத் தெரியாதா? நான் பாக்கிறது இந்த ஊரை. இவங்க தேர்ந்தெடுத்த ஆளு பேரைச் சொல்லிக் கூப்பிடறப்ப எழுந்து 'கூடாது'ன்னு சொன்னாருன்னு வையி, இவங்களும் அதைச் சொல்லித்தான் ஆகணும். அவரே நழுவிட்டா, இவங்க எல்லாருக்கும் நழுவ வழி கெடைச்சிரும். அப்ப நானே மூட்டையக் கட்டுறேன்."

இதை அவள் நிதானமாகச் சொன்னாள். நீ அவள் கையால் சோள ரொட்டி தின்றுவிட்டு, அந்தக் கட்டி வைக்கும் கொட்டகை வாசலில் நின்று ஓட்டுக் கேட்டவன். அவளுக்கு ஓட்டு இல்லை என்று தெரிந்தும் அவளையும் பார்த்துப் பேசினாய். ஒரு வரி எழுது. வழவழா கொழகொழா வேண்டாம்.

திர்சா

---

வாஷிங்டன்
ஆகஸ்ட் 14

அன்புள்ள அக்காவுக்கு,

விதைக்காகத் திட்டியதை ஏற்றுக்கொள்கிறேன். அடுத்த முறை முள்ளங்கி அனுப்புகிறேன்.

இங்கே வெயில் சொல்லி மாளாது. என் விடுதியில் பதினோரு உறுப்பினர்கள் ஒரே மேசையில் சாப்பிடுகிறோம். பாதிப் பேர் தெற்கு, பாதிப் பேர் வடக்கு. கோழிக்கறியைக் கடத்தும்போதுகூட யாருக்கு முதலில் என்று பார்த்துக்கொள்கிறார்கள். ஆறேழு மாதமாக, அடிமை விஷயத்தில் வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான இந்தச் சமரசத்தைத்தான் மென்றுகொண்டிருக்கிறோம். மொத்தமாக நிறைவேறாது என்று தெரிந்ததும், இப்போது அதைத் துண்டு துண்டாக்கி ஒவ்வொரு துண்டையும் வேறு வேறு ஆட்களுக்கு ஊட்டப் பார்க்கிறார்கள். கலிபோர்னியா அடிமை இல்லாத மாநிலமாக வரவேண்டும் என்பவர்கள் அதற்கு மட்டும் ஓட்டுப் போடுவார்கள். ஓடிவந்தவர்களைப் பிடிக்கும் சட்டத்தைத் தெற்கத்திக்காரர்கள் நிறைவேற்றிக்கொள்வார்கள். பிடிக்காத துண்டு வரும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். நாடு உடையாமல் இருக்க இதைவிட வழியில்லை என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஒன்றுமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை, அக்கா. இங்கே இடுப்பில் துப்பாக்கியோடு சபைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் மஹாலாவிடம் சொல்: பிடிக்கும் சட்டம் ஓட்டுக்கு வரும் அன்று என் பெயர் 'கூடாது' என்ற பட்டியலில் இருக்கும். என் கையெழுத்தில் எழுதித் தருகிறேன், போதுமா?

ஒரு சிறு விஷயம். கெண்டக்கி உறுப்பினர் லாரிமோர் என் மேசைக்காரர், கண்ணியமான மனிதர். அவர் மனைவி சாகக் கிடக்கிறார். போகாமலும் இருக்க முடியவில்லை, போனால் தன் ஓட்டு வீணாகும் என்று தவித்தார். அதனால் அவரோடு ஜோடி சேர்ந்துகொண்டேன். அவர் திரும்பி வரும்வரை சமரசம் சம்பந்தமான எதிலும் நானும் ஓட்டுப் போடுவதில்லை. இரண்டும் ஒன்றை ஒன்று அடித்துவிடும், யாருக்கும் நஷ்டமில்லை. இது இங்கே பழைய வழக்கம், வாய் வார்த்தைதான், ஆனால் மீறியவனோடு யாரும் மேசையில் உட்கார மாட்டார்கள். அந்த மசோதா வருவதற்குள் அவர் வந்துவிடுவார்.

உன் தம்பி
ஆரின்

---

கார்ன்விக்
ஆகஸ்ட் 26

ஆரினுக்கு,

ஜோடி சேர்ந்தாயாமே! கல்யாண நடனமா நடக்கிறது அங்கே?

ஒருவர் மனைவி சாகக் கிடக்கும்போது நீ உதவியதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு ஒன்று புரியவில்லை. மஹாலாவைக் கட்டி இழுக்க ஒரு ஓட்டு வைத்திருப்பவனும், கூடாது என்று ஒரு ஓட்டு வைத்திருப்பவனும் கை குலுக்கிக்கொண்டு, சரி, இரண்டும் இல்லை என்று வைத்துக்கொள்வோம் என்றால், அது எப்படி யாருக்கும் நஷ்டமில்லாத காரியம்? உன் கடிதத்தை மஹாலாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்தப் பகுதி வந்ததும் அவள் என்னைப் பார்த்தாள். நான் அடுத்த வரிக்குத் தாவிவிட்டேன்.

உன் கட்சிக் கமிட்டி டீக்கன் ஸ்டர்கிஸ் வந்திருந்தார். கட்டி வாங்க வந்தவர் போல நாலைந்தைத் தட்டிப் பார்த்தார், ஒன்றும் வாங்கவில்லை.

"உங்க தம்பிக்கு நல்ல எதிர்காலம் இருக்கும்மா. அக்டோபர்ல தேர்தல். இந்த நேரத்துல ரொம்ப சத்தமா ஒண்ணும் சொல்ல வேணாம்னு நீங்க ஒரு வார்த்த எழுதுங்க. ஆதரிக்கச் சொல்லலியே நாங்க!"

"அப்ப எதிர்க்கச் சொல்றீங்களா?"

"அதையும் சொல்லல" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்தச் சட்டத்தில், மார்ஷல் என்கிற மத்திய அரசு அதிகாரியின் ஆள் வந்து கூப்பிட்டால் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லோரும் பிடித்துக்கொடுக்க ஒத்தாசை செய்யவேண்டும் என்று இருக்கிறதாமே? என்னையும் கூப்பிடலாமோ? கூப்பிடட்டும், பார்க்கிறேன்.

ஈனோஸ் கட்டிவைத்த உளி, இழைப்புளியை மஹாலா மறுபடி பிரித்து வைத்துவிட்டாள். உன் வார்த்தையை நம்பித்தான் பிரித்தாள்.

திர்சா

---

வாஷிங்டன்
செப்டம்பர் 13

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரிகை வருவதற்குள் இது உன்னை வந்தடைய வேண்டும் என்று எழுதுகிறேன். மசோதா நேற்று நிறைவேறிவிட்டது. நூற்றொன்பதுக்கு எழுபத்தாறு. விவாதமே நடத்த விடவில்லை. காலையில் எடுத்தார்கள், சாயங்காலம் முடித்துவிட்டார்கள்.

அந்த எழுபத்தாறில் என் பெயர் இருக்காது. லாரிமோரோடு செய்துகொண்ட ஏற்பாட்டைப் பற்றி எழுதியிருந்தேன். நான் சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டவன். சொன்ன சொல்லைக் காப்பாற்று என்று நீதான் என்னை வளர்த்தாய். நான் ஓட்டுப் போட்டிருந்தாலும் எழுபத்தேழு ஆகியிருக்கும், அவ்வளவுதான். கணக்கை நீயே போட்டுப் பார்.

மஹாலா இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் நீ எடுத்துச் சொல்லவேண்டும். சட்டம் காகிதத்தில்தான் இருக்கிறது. நம் மாவட்டத்தில் அதைச் செயல்படுத்த எந்த மார்ஷலுக்கும் தைரியம் வராது. கொஞ்ச நாளில் எல்லாம் அடங்கிவிடும்.

இங்கே நேற்று ராத்திரி நூறு குண்டு வெடித்துக் கொண்டாடினார்கள். எனக்குத் தலைவலி.

ஆரின்

---

கார்ன்விக்
செப்டம்பர் 21

ஆரின்,

பத்திரிகை வந்தது. பெயர்கள் எல்லாம் போட்டிருக்கிறார்கள்.

நீ எழுதியது அதற்கு முந்தின நாளே வந்துவிட்டது, நான்தான் மஹாலாவிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. ஏதாவது தப்பாகியிருக்கும், கடைசி நிமிடத்தில் போட்டிருப்பாய் என்று ஒரு அசட்டு நம்பிக்கை. கொட்டகையில் கட்டிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தோம். ஈனோஸ் பத்திரிகையோடு வந்து, "வாசிங்கம்மா" என்று நீட்டினான்.

'கூடாது' பட்டியலை வாசித்தேன். அகரவரிசையில் உன் வின்ஷிப் என்ற பெயர் எப்போதும் வாலில்தான் வரும். எழுபத்தாறு பெயரையும் மஹாலா நின்றபடி கேட்டாள். நான் வாசிக்க வாசிக்க அவள் ஒவ்வொரு கட்டியாகத் திருப்பி வைத்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பெயரை வாசித்து நிறுத்தினேன்.

"இன்னும் இருக்கா?" என்றாள்.

"இல்ல."

"அந்தப் பக்கமும் வாசிச்சிருங்க திர்சாக்கா. அதுல இல்லேன்னாவது தெரிஞ்சுக்கலாம்."

வாசித்தேன். அதில் நீ இல்லை. ஆனால் கெண்டக்கி லாரிமோர் இருந்தார், ஆரின். 'ஆம்' என்று ஓட்டுப் போட்ட நூற்றொன்பது பேரில் உன் கண்ணியமான மேசைக்காரரும் ஒருவர். மூன்று தடவை பார்த்தேன், விரலை வைத்துப் பார்த்தேன். மனைவி பக்கத்தில் இருக்கவேண்டியவர் எப்படி அங்கே எழுந்து ஓட்டுப் போட்டார்? ஜோடி கூட்டு உடைந்துபோயிருந்தால் நீ எங்கே இருந்தாய்?

யார் காதில் பூச் சுற்றுகிறாய்? நான் உன் தொகுதி வாக்காளன் இல்லை. எட்டு வயதில் உனக்கு முகம் கழுவிவிட்டவள்.

மஹாலா கோபப்படவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டு ஈனோஸைப் பார்த்து, "உளியெல்லாம் எடுத்துக் கட்டு" என்றாள். வர்ற வாரம் துறைமுகத்துக்குக் கிளம்புகிறார்கள். பன்னிரண்டு வருடமாக என் கூடவே நின்றவள். அவளுக்கு நான் என்ன சொல்லி அனுப்புவது?

திர்சா

---

வாஷிங்டன்
செப்டம்பர் 30

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

லாரிமோர் பத்தாம் தேதியே வந்துவிட்டார். அவர் மனைவி பிழைத்துக்கொண்டார். காலைச் சாப்பாட்டின்போது என்னிடம் வந்து, "உங்க உபகாரத்த மறக்க மாட்டேன் வின்ஷிப். இனி நீங்க உங்க மனசாட்சிப்படி செய்யலாம்" என்று கை குலுக்கினார். அவரே விடுவித்துவிட்டார். மனசாட்சிப்படி செய் என்று ஒரு அடிமை எஜமானன் எனக்குச் சொன்னான், நான் அதைக்கூடச் செய்யவில்லை.

டீக்கனும் கமிட்டிக்காரர்களும் எழுதியிருந்தார்கள். அந்த மசோதாவில் என் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டால் அக்டோபரில் எதிர்ப்பே இருக்காது என்று. சமரசம் வேண்டும் என்கிற வியாபாரிகள் ஒரு பக்கம், அடிமைமுறை கூடாது என்கிற பண்ணைக்காரர்கள் ஒரு பக்கம். இரண்டு பேருக்கும் நான் வேண்டும்.

பெயர் கூப்பிட ஆரம்பித்ததும் நாங்கள் பலர் எழுந்து வெளியே போனோம். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. எல்லோரும் நூலகத்தில் ஏதாவது புத்தகத்தை எடுத்துப் பிரித்துக்கொண்டு நின்றோம். கதவு திறந்திருந்தது. குமாஸ்தாவின் குரல் நன்றாகக் கேட்டது. என் பெயரை முதல் தடவை கூப்பிட்டார். விட்டுப்போனவர்களை இரண்டாம் தடவை கூப்பிடுவது வழக்கம், அப்போதும் கூப்பிட்டார். பத்தடி தூரம்தான். என் கையில் இருந்தது திமிங்கில வேட்டை பற்றிய அரசாங்க அறிக்கை. அதில் ஒரு பக்கத்தை மூன்று முறை வாசித்தேன்.

பொய் எழுதினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெட்கமாக இருக்கிறது. ஆனால் இதையும் யோசித்துப் பார்: நான் தோற்றால் டீக்கன் ஆள் ஒருவன் வந்து உட்காருவான், அவன் வெட்கப்படவும் மாட்டான். நான் இருந்தால் பின்னால் எப்போதாவது இந்தச் சட்டத்தை மாற்ற ஏதாவது செய்ய முடியும்.

மஹாலா பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாளா என்று எழுது.

ஆரின்

---

கார்ன்விக்
அக்டோபர் 13

ஆரினுக்கு,

ஜெயித்துவிட்டாயாம். டீக்கன் வீட்டு வாசலில் தீ மூட்டிப் பாட்டெல்லாம் பாடினார்கள். வாழ்த்துக்கள்.

அவர்கள் போகவில்லை. கிளம்பவேண்டிய நாளுக்கு முந்தின நாள் அவர்கள் மகள் கெட்டூராவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஒன்பது வயதுக் குழந்தை, குடல் காய்ச்சல், அனலாகக் கொதிக்கிறது. படகில் ஏற்றினால் பிழைக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மஹாலா பகலில் என்னோடு தொட்டியடியில் நிற்கிறாள், மற்ற நேரமெல்லாம் குழந்தை தலைமாட்டில். பாதுகாப்புக்காக என் வீட்டு மாடி அறைக்கே அவர்களை அழைத்துவந்துவிட்டேன். எந்தக் குதிரைச் சத்தம் கேட்டாலும் ஈனோஸ் கோடாலியை எடுத்துக்கொண்டு கீழே வருகிறான். நேற்று வந்தது மீன்காரன்.

பின்னால் எப்போதாவது என்று எழுதியிருந்தாய். அந்த வார்த்தையைக் கொண்டுபோய்க் குழந்தைக்குப் பத்துப் போட முடியுமா?

ஊர்க்காரர்கள் முன்போல வருவதில்லை. முன்பெல்லாம் பால் ஊற்ற வருகிறவர்கள் மஹாலாவோடு நாலு வார்த்தை பேசி, அவள் கை ரொட்டி ஒரு துண்டு தின்றுவிட்டுத்தான் போவார்கள். இப்போது கேனை வாசலில் வைத்துவிட்டு, "அவசர வேலை" என்று திரும்பிவிடுகிறார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. யாரும் எதையும் பார்க்கவில்லை என்று நாளைக்குச் சொல்ல வசதியாக இருக்கவேண்டும் போலிருக்கிறது. மஹாலா சொன்னபடியேதான் நடக்கிறது.

நீ ஊருக்கு வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். மாவட்டத் தலைநகரில் வக்கீல் அறை எடுத்திருக்கிறாயாம். இருபது மைல்தான். இங்கே வர வழி தெரியும்தானே?

திர்சா

---

(முகவரியில் திர்சாவின் பெயர் மட்டும். தலைப்பும் கையெழுத்தும் இல்லை.)

நவம்பர் 2

அவளைப் பிடிக்க வாரண்ட் வந்துவிட்டது. மூன்று நாளில் ஆட்கள் வருவார்கள். குழந்தை எப்படி இருந்தாலும் இன்றே கிளம்பச் சொல்லுங்கள்.

ஒரு நண்பன்

---

கார்ன்விக்
நவம்பர் 7

ஆரின்,

மஹாலாவைக் கொண்டுபோய்விட்டார்கள்.

நேற்று முன்தினம், காலை ஒன்பது மணிக்கு. மார்ஷலின் ஆட்கள் நாலு பேர், கெண்டக்கிக்காரன் ஒருவன். கொட்டகையில் நானும் அவளும்தான் இருந்தோம். முழங்கை வரை உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட இழுத்தார்கள். நான் தயிர் கலக்கும் துடுப்பை எடுத்து ஒருவன் தோளில் ஓங்கிப் போட்டேன், அதற்கு என்மேல் வழக்குப் போடப்போகிறார்களாம், போடட்டும். ஈனோஸ் கடையிலிருந்து ஓடிவருவதற்குள் வண்டியில் ஏற்றிவிட்டார்கள். அவன் நெஞ்சில் துப்பாக்கியை வைத்து நிறுத்தினார்கள்.

பால் ஊற்ற வந்தவர்கள் பதினாலு பேர் வாசலில் நின்றார்கள், ஆரின். எண்ணினேன். மார்ஷலின் ஆள் அவர்களைப் பார்த்து, "சட்டப்படி கூப்பிடுறேன், வந்து ஒரு கை குடுங்க" என்றான். யாரும் வரவில்லை. நான், "இவளை விடச் சொல்லுங்களேன், பதினாலு பேர் இருக்கீங்களே!" என்று கத்தினேன். அதற்கும் யாரும் வரவில்லை. எல்லோரும் கேனைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நானும் ஈனோஸும் வண்டி கட்டிக்கொண்டு பின்னாலேயே போனோம். ஆணையர் முன் விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. அவள் பேச எழுந்தாள். "நீ பேசச் சட்டத்துல எடமில்ல, உக்காரு" என்று உட்காரவைத்தார்கள். கெண்டக்கிக்காரன் ஒரு காகிதத்தைக் காட்டினான், முடிந்துவிட்டது. சாயங்காலமே தெற்கே கொண்டுபோய்விட்டார்கள். ஜன்னல் வழியாக என்னிடம், "கெட்டூராவுக்குக் கஞ்சி சூடா குடுக்காதீங்க, வாய் வெந்திருக்கு" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல விடவில்லை.

ஒன்றை நினைத்து நினைத்து எனக்குப் பைத்தியம் பிடிக்கிறது. மூன்றாம் தேதி ஒரு சீட்டு வந்தது. வாரண்ட் வந்துவிட்டது, இன்றே கிளம்பு என்று. கோணல்மாணலான எழுத்து, பெயர் இல்லை. இப்படி ஒரு மாதத்தில் ஏழு சீட்டு வந்திருக்கிறது. வேண்டுமென்றே பயமுறுத்த எழுதுகிறவர்கள், அவர்களை ஊரைவிட்டுத் துரத்த நினைக்கிறவர்கள், பக்கத்து ஊரில் எவனோ சொன்னதைக் கேட்டு எழுதுகிறவர்கள். முதல் சீட்டு வந்தபோது குழந்தையைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு பாதி வழி போய்த் திரும்பினார்கள். அதில்தான் காய்ச்சல் இன்னும் ஏறியது. அதற்குப்பின் மஹாலா ஒரு முடிவு செய்திருந்தாள், கையெழுத்து இல்லாத எதையும் நம்புவதில்லை என்று. இந்தச் சீட்டையும் நான் வாசித்துக் காட்டினேன்.

"யாரு எழுதியிருக்காங்க?"

"பேரு போடல. ஒரு நண்பன்னு இருக்கு."

"நண்பனுக்குப் பேரு இருக்குமே" என்று வாங்கி அடுப்பில் போட்டாள். எட்டாம் தேதிப் படகுக்கு இடம் சொல்லியிருந்தோம். இன்னும் மூன்று நாள் இருந்திருந்தால் குழந்தை எழுந்து நின்றிருக்கும்.

அதை எழுதியவனுக்கு உண்மை தெரிந்திருக்கிறது. ஒரு பெயரை, யாருடைய பெயராக இருந்தாலும், கீழே எழுதியிருந்தால் அவள் அந்த நிமிடமே கிளம்பியிருப்பாள். யார் அவன் என்று தெரிந்தால் திட்டமாட்டேன். எதற்கு அவ்வளவு பயம் என்று மட்டும் கேட்பேன்.

உனக்கு அந்த லாரிமோரைத் தெரியும். கெண்டக்கியில் அவள் யார் கையில் இருக்கிறாள் என்று கேட்டு எழுது. கெஞ்சித்தான் கேட்கிறேன்.

திர்சா

---

நவம்பர் 11

அக்கா,

அந்தச் சீட்டை எழுதியது நான்.

முதல் தேதி எனக்கு இங்கே ஒரு விருந்து வைத்தார்கள். நாட்டைக் காப்பாற்றிய சமரசத்துக்காக என்று கோப்பையைத் தூக்கினார்கள், நானும் தூக்கினேன். என்னிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி மார்ஷலின் ஆள் உட்கார்ந்திருந்தான். இனிப்பு வந்தபோது பக்கத்தில் வந்து குனிந்து, "உங்க ஊர்ப்பக்கம் ஒரு வேலை இருக்கு. சபை உறுப்பினர்ங்கிற மரியாதைக்குச் சொல்லி வைக்கிறேன்" என்று காகிதத்தை மடி மட்டத்தில் பிரித்துக் காட்டினான். மஹாலா என்ற பெயரை வாசித்தேன். "சரி" என்றேன். அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன்.

மறுநாள் காலை குதிரைக்குச் சேணம் போடச் சொன்னேன். போட்டார்கள். தெருவில் இறங்கியதும், இந்த வழியில் நான் கார்ன்விக் போவதை எத்தனை பேர் பார்ப்பார்கள் என்று தோன்றியது. சட்டத்தைத் தடுத்தால் ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதச் சிறை, பதவி போய்விடும். சேணத்தை அவிழ்க்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்து, உனக்குக்கூட என் எழுத்து தெரியக்கூடாது என்று இடது கையால் எழுதினேன். கோச்சு வண்டியில் கொடுத்துவிட்டு, என் கடமையைச் செய்துவிட்டேன் என்று அன்று நன்றாகத் தூங்கினேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத் தூங்கினேன்.

எதற்குப் பயம் என்று கேட்டிருக்கிறாய். சொல்லத் தெரியவில்லை. சிறைக்குப் பயந்தேன் என்று சொன்னால் அதுகூட முழு உண்மை இல்லை. எவரும் என்மேல் வருத்தப்படக்கூடாது என்று இருந்து இருந்து அதுவே கைப்பழக்கமாகிவிட்டது.

பதவி விலகல் கடிதம் இன்று ஆளுநருக்குப் போய்விட்டது. வாரண்ட் பற்றி முன்கூட்டியே எச்சரித்தது நான்தான் என்று பத்திரிகைக்கும் எழுதியிருக்கிறேன், சனிக்கிழமை அச்சாகும். வழக்குப் போடுவார்கள். லாரிமோருக்கும் எழுதிவிட்டேன். அவர் நல்லவர்தான், ஆனால் அவர் நாட்டில் இதெல்லாம் எப்படி என்று எனக்குத் தெரியும், நம்பிக்கை வைக்காதே.

ஈனோஸிடம் இதை வாசித்துக் காட்டு. நான் சொல்ல வரவேண்டும், வரத் தைரியமில்லை.

ஆரின் வின்ஷிப்

---

கார்ன்விக்
நவம்பர் 15

ஆரினுக்கு,

உன் கடிதத்தை ஈனோஸுக்கு வாசித்துக் காட்டினேன். குழந்தைக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே கேட்டான். முடித்ததும் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தான்.

"கீழ பேரு போட்டிருக்காரா?"

"போட்டிருக்கான். முழுப் பேரும்."

"தேதி?"

"பதினொண்ணு."

"ரெண்டாம் தேதி போட்டிருக்கலாம்" என்றான். பிறகு குழந்தைக்கு வாயைத் துடைத்துவிட்டான்.

நாளைக் கடைசிப் படகில் இருவரும் போகிறார்கள். துறைமுகம் வரை நான் கூடப் போகிறேன். அம்மா எப்போது வருவாள் என்று கெட்டூரா கேட்டுக்கொண்டே இருக்கிறாள், ஈனோஸ் என்னைப் பார்க்கிறான், நான் மூட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நீ வழியனுப்ப வர வேண்டாம்.

திர்சா